கம்பஸ் முதல் செமஸ்டர்: மனம் வராத நாளில் படிப்பது எப்படி

ஏ.எல்., அதாவது உயர்தரம், படிக்கும்போது மனம் வந்ததா வரவில்லையா என்று யாரும் கேட்பதில்லை. விடிய ரியூசன், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் இன்னொரு ரியூசன், ஞாயிறு முழுக்கப் பேப்பர் கிளாஸ். சைக்கிளை எடுத்தால் அது தானாகவே ரியூட்டரிக்குப் போய் நிற்கும். எந்தப் பக்கத்தைப் படிப்பதென்று சேர் சொல்லுவார், எந்தக் கேள்வி வருமென்று பாஸ் பேப்பர் (பழைய கேள்வித்தாள்) சொல்லும், எதற்காகப் படிக்கிறோம் என்பதற்குக் கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி இருந்தது.

கம்பஸில் இதெல்லாம் ஒரே வாரத்தில் கழன்றுவிடும். 10 மணிக்கு ஒரு லெக்சர், 3 மணிக்கு ஒரு பிரக்டிக்கல், இடையில் நாலு மணித்தியாலம் சும்மா. இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்க ஆள் இல்லை. சோதனையோ நாலு மாதம் தள்ளி நிற்கிறது. முதல் மாதம் முடியும்போது "எனக்கு முந்தி மாதிரிப் படிக்க மனம் வருதில்லை" என்ற பேச்சு எல்லாப் பட்சிலும் தொடங்கும். மனம் எங்கும் போகவில்லை. முந்தியும் இழுத்துக்கொண்டு போனது மனமல்ல, நேரசூசி. அது இப்போது இல்லை. ஆகவே, மனம் வரும் என்று காத்திருப்பதை விட்டுவிட்டு அந்த நேரசூசியைக் கையால் திரும்பக் கட்ட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்கும் கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்துக்கும் இது ஒன்றுதான். கோப்பாய்க் கல்வியியற் கல்லூரிக்குப் போகிறவர்களும் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டு இதையே செய்யலாம்.

முதலில் கணக்கு

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால வேலை. லெக்சர், பிரக்டிக்கல், அசைன்மென்ட், தனியப் படிப்பது, சோதனை எல்லாம் இந்த 50க்குள் அடக்கம். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 15.

3 கிரெடிட் பாடம் ஒன்றை எடுங்கள். மொத்தம் 150 மணி. 15 வாரம், கிழமைக்கு 3 மணி லெக்சர் என்றால் 45 மணி அதில் போகும். மிச்சம் 105 மணி உங்கள் கையில். ஐந்து பாடத்துக்கும் பார்த்தால் 525 மணி. சோதனைக்கு முந்திய லீவையும் சேர்த்து 18 வாரமாகப் பிரித்தால் கிழமைக்கு 29 மணிச் சொச்சம், நாளுக்கு நாலு மணி.

பயப்பட வேண்டாம். முதல் செமஸ்டரில் அதில் பாதியைத் தவறாமல் செய்தாலே பட்சில் நல்ல இடத்தில் நிற்கலாம். கணக்கைக் காட்டியதற்குக் காரணம் வேறு. லெக்சருக்குப் போய்விட்டேன், படிப்பு முடிந்தது என்ற எண்ணம்தான் முதல் பிழை. லெக்சர் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

லெக்சர் வரவையும் இதே இடத்தில் பார்த்துவிடுங்கள். சோதனை எழுதப் பெரும்பாலும் 80 வீத வரவு வேண்டும். 45 மணியில் 20 வீதம் 9 மணி, அதாவது மூன்று வாரம். முதல் மாதத்திலேயே கலியாணவீடு, மட்ச், நித்திரை என்று இரண்டு வாரத்தைச் செலவழித்தவர் மாரியில் டெங்கு வந்து படுத்தால் கையில் ஒன்றும் இருக்காது. அந்த மூன்று வாரத்தையும் வருத்தத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். வருத்தம் வந்தால் மருத்துவச் சான்றிதழை எத்தனை நாளுக்குள், யாரிடம் கொடுப்பது என்பது பீடக் கைநூலில் இருக்கும். காய்ச்சலோடு தேடாமல் இப்போதே பார்த்துக் குறித்துவிடுங்கள்.

முதல் வாரத்தில் மூன்று தாள்

முதல் தாள் செமஸ்டரின் 15 வாரம். ஒரு ஏ4 தாளில் 15 கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் திகதி எழுதுங்கள். அசைன்மென்ட் நாட்கள், மிட் எக்ஸாம், பிரக்டிக்கல் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள். ஊர் நாட்களையும் சேர்க்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள், கோயிலைச் சுற்றி வீதி மறித்திருக்கும், அந்தப் பக்கத்தால் வருகிறவர் சுற்றித்தான் வரவேண்டும். உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினால் அந்தப் பத்து நாளும் வீட்டில் இருந்து படிக்க முடியாது. அது முன்கூட்டியே தெரிந்த திகதி. அந்த நாட்களுக்கு நூலகம் என்று இப்போதே எழுதிவிட்டால், அன்றைக்கு மனம் நொந்துகொள்ள ஒன்றும் இல்லை.

இரண்டாவது தாள் கிழமைத் தாள். இதில் லெக்சர் நேரத்தை எழுதாதீர்கள், அது ஏற்கெனவே அறிவித்தல் பலகையில் இருக்கிறது. லெக்சருக்கு இடைப்பட்ட வெற்று நேரங்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் ஒரு பாடமும் போடுங்கள். "செவ்வாய் 11 – 12.30, நூலகம், புள்ளிவிபரவியல்" என்று எழுத வேண்டும். "செவ்வாய் பகல் படிக்க வேண்டும்" என்று எழுதினால் அது நடக்காது. எப்போது, எங்கே, எதை என்று மூன்றும் முன்னமே முடிவானால் செய்வது கூடுகிறது என்பதைப் பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1999இல் எழுதியிருக்கிறார். காரணம் எளிது. அந்த நேரம் வரும்போது யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. யோசிக்கிற இடத்தில்தான் கன்ரீன் நினைவுக்கு வரும்.

பங்குனி, சித்திரை வெக்கையில் பகல் 1 முதல் 3 வரை கடினமான பாடம் வைக்க வேண்டாம். அந்த நேரத்துக்குக் கொப்பி எழுதுவது, ரிப்போர்ட்டுக்கு வரைபு கீறுவது போன்ற கைவேலை பொருந்தும். விடியப்புறம் எழும்புகிற பழக்கம் ஏ.எல். காலத்தில் இருந்தே உங்களுக்கு உண்டென்றால் அதை விடாதீர்கள். கம்பஸ் வந்து முதலில் தொலைப்பது அதைத்தான், திரும்ப எடுக்கப் பெரும்பாடு.

மூன்றாவது தாள் சின்னது. ஒவ்வொரு பாடத்துக்கும் சோதனை எத்தனை வீதம், அசைன்மென்ட் எத்தனை வீதம், போன வருடக் கேள்வித்தாள் எங்கே கிடைக்கும். இவ்வளவுதான். சீனியரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், "எந்த லெக்சரர் ஸ்ட்ரிக்ட்" என்பதையல்ல.

மேசையில் முதல் இருபது நிமிடம்

நேரசூசி இருந்தும் கதிரையில் இருக்க மனம் வராத நாள் வரும். அன்றைக்குச் செய்வது இதுதான்.

போனை வேறு அறையில் வையுங்கள். சைலன்ற்றில் போட்டுக் கவிழ்த்து வைப்பது போதாது, கை தானாகவே போகும். ஒற்றை அறைப் போடிங் (வாடகை அறை) என்றால் சைக்கிள் பையிலோ அலுமாரிக்கு மேலேயோ வைக்கலாம். எழும்பிப் போய் எடுக்க வேண்டும், அதுதான் தேவை. நேரம் பார்க்க ஒரு சின்ன மணிக்கூடு மேசையில் இருக்கட்டும். "நேரம் பார்க்கத்தான் எடுத்தேன்" என்று தொடங்கி ஒரு மணித்தியாலம் போவது எல்லோருக்கும் தெரிந்த கதை.

புத்தகத்தைத் திறக்க வேண்டாம். வெறும் தாள் ஒன்றை எடுத்து, இன்றைய லெக்சரில் சொன்னதில் நினைவிருக்கும் ஐந்து விடயத்தை எழுதுங்கள். தமிழோ ஆங்கிலமோ, எழுத்துப்பிழையோடோ. இரண்டுதான் வந்தால் இரண்டு. இதற்கு ஐந்து நிமிடம். பிறகு ஸ்லைடைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பேனையால் அதே தாளில் சேருங்கள். இதற்குப் பத்து நிமிடம். கடைசி ஐந்து நிமிடத்தில் அதிலிருந்து ஒரு கேள்வியை நீங்களே தயாரித்துத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். விடை எழுத வேண்டாம். அடுத்த கிழமை அதே நாள் அந்தக் கேள்வியைப் பார்த்து, தாளைத் திருப்பாமல் விடை எழுதிப் பாருங்கள்.

இருபது நிமிடம் முடிந்தால் எழும்பலாம், குற்றவுணர்வு வேண்டாம். பெரும்பாலும் எழும்ப மாட்டீர்கள். தொடங்கியதை இடையில் விட மனம் ஒப்பாது. தொடங்குவதுதான் பாரம், மிச்சம் இறக்கம்.

மொத்த ஸ்லைடையும் மூன்று தரம் வாசித்து ஹைலைற்றரால் மஞ்சள் பூசுகிறவர்களுக்கு இது குறைவான வேலையாகத் தெரியும். ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பாராமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். உங்கள் சோதனை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

ஆங்கிலம்: உண்மையான முடிச்சு இங்கேதான்

"மனம் வருதில்லை" என்று சொல்லும் முதலாம் வருடத்தவரிடம் ஸ்லைடைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் பாதிப்பேருக்குக் காரணம் வெளியே வந்துவிடும். விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் எல்லாம் ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்தவர் ஒரே நாளில் மாற வேண்டியிருக்கிறது. விளங்காததை இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் மனம் வராது. அதைச் சோம்பல் என்று பெயர் வைத்துத் தன்னைத்தானே திட்டுவது வீண்.

ஸ்லைடில் உள்ள புதிய சொற்களில் ஒரு பங்கு உண்மையில் புதியதல்ல. ஆர்முடுகலும் உந்தமும் உங்களுக்கு நல்லாய்த் தெரியும். அவைதான் அக்செலரேஷன், மொமென்டம் என்று சட்டை மாற்றி வந்து நிற்கின்றன. ஒளித்தொகுப்பு ஃபோட்டோசிந்தசிஸ், இழைமணி மைட்டோகொண்ட்ரியா, தொகையீடு இன்டகிரேஷன், அமையச் செலவு ஒப்பர்ச்சுனிட்டி கொஸ்ட். ஆகவே முதல் வேலை, ஒரு 80 பக்கக் கொப்பியை இரண்டு நிரலாகப் பிரித்து, தெரிந்த தமிழ்ச் சொல் இடப்பக்கமும் ஆங்கிலச் சொல் வலப்பக்கமுமாக எழுதுவது. பழைய கணிதப் பாடநூலின் பின்பக்கக் கலைச்சொல் பட்டியலில் இருந்தே தொடங்கலாம். எறிந்துவிடாதீர்கள், தம்பி தங்கச்சிக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு நாளுக்குப் பாடமொன்றுக்கு ஐந்து சொல், அதற்குமேல் வேண்டாம். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். முதல் ஸ்லைடிலேயே விளங்காத நாற்பது சொல்லுக்கும் அகராதி பார்க்கத் தொடங்கி, நாலாவது ஸ்லைடில் களைத்து மூடிவிடுகிறார்கள். லெக்சருக்கு முதல் நாள் இரவு பத்து நிமிடம் ஸ்லைடைப் புரட்டி, திரும்பத் திரும்ப வருகிற ஐந்து சொல்லை மட்டும் எடுங்கள். ஒரு தரம் மட்டும் வருகிற சொல்லை விடுங்கள். அந்த ஐந்தும் தெரிந்து வகுப்பில் இருந்தால் லெக்சரர் பேசுவதில் பிடிக்கக் கொம்பு கிடைக்கும்.

வகுப்பில் ஸ்லைடைப் பார்த்து எழுத வேண்டாம், அது பின்னேரம் வட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். லெக்சரர் வாயால் சொல்லும் உதாரணத்தை மட்டும் தமிழிலேயே எழுதுங்கள். அது வட்ஸ்அப்பில் வராது.

அடுத்தது விடை. தமிழில் விளங்கிக்கொண்டு சோதனை மண்டபத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றலாம் என்று இருப்பவருக்கு மூன்று மணித்தியாலம் போதாது. நாலாவது வாரத்தில் இருந்து கிழமைக்கு ஒரு பழைய கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை எழுதுங்கள். முதல் விடை ஆறு வரிதான் வரும். வரட்டும். புத்தகத்தில் உள்ள வசனத்தின் எலும்பை எடுத்து, உங்கள் சொல்லை அதில் ஏற்றுங்கள். வசனம் சின்னதாக இருக்கட்டும். கேள்வியின் ஏவற்சொல்லையும் கவனிக்க வேண்டும். டிஃபைன் என்றால் வரைவிலக்கணம், இரண்டு வரி போதும். எக்ஸ்ப்ளெயின் என்றால் ஏன், எப்படி என்று வரவேண்டும். டிஸ்கஸ் என்றால் இரண்டு பக்கமும் சொல்லி ஒரு முடிவு. டிஃபைனுக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு டிஸ்கஸுக்கு நேரம் இல்லாமல் போவது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது.

பட்சில் சிங்கள நண்பர்கள் இருந்தால் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி, அவர்களும் உங்களைப் போலத் தடக்குகிறவர்கள்தான். பிரக்டிக்கல் குழுவில் அவர்களோடு இருந்தால் கிழமைக்கு மூன்று மணித்தியாலம் காசில்லாமல் ஆங்கிலம் பேசலாம், வெட்கமும் பாதியாகும். தமிழ் ஆட்கள் மட்டும் உள்ள குழுவைத் தேடிப் போகிறவர் இதை இழக்கிறார்.

வீடும் பஸ்ஸும்

வீட்டில் இருந்து போய்வருகிறவருக்கு ஒரு தனிச் சிக்கல். ஏ.எல். காலத்தில் "பிள்ளை படிக்குது" என்று ரீவியைக் குறைத்து வைத்த வீடு, கம்பஸ் கிடைத்ததும் பிள்ளை கரைசேர்ந்துவிட்டதாக நினைக்கிறது. கடைக்குப் போக, அப்பம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப்போக, சித்தி வீட்டுக்குச் சாமான் கொடுக்க எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். வேலையை மறுத்தால் சண்டை, செய்தால் படிப்பில்லை. நேரத்தைச் சொல்லிவிடுவதுதான் வழி. "அம்மா, நான் ஆறிலயிருந்து ஏழரை மட்டும் மேசையில இருப்பன். அதுக்குப் பிறகு என்ன வேலையெண்டாலும் சொல்லுங்கோ" என்று ஒரு தரம் சொல்லி, ஏழரைக்கு நீங்களாகவே எழும்பிப்போய் "என்ன செய்யவேணும்?" என்று கேளுங்கள். இரண்டு கிழமை இப்படி நடந்தால், ஆறு மணிக்கு வருகிற ஆளை அம்மாவே வாசலில் மறித்துவிடுவார். ஏழரைக்கு எழும்பாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது.

பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்து வருகிறவருக்குப் போகவர இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் போகும். அதில் புத்தகம் வாசிக்க முடியாது, நெரிசலும் தலைச்சுற்றும்தான் மிச்சம். போகும்போது கண்ணை மூடிக்கொண்டு நேற்றைய தாளில் என்ன எழுதினோம் என்று நினைத்துப் பாருங்கள். வரும்போது ஒன்றும் செய்யாதீர்கள், மனதுக்கும் ஓர் இடைவேளை வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்து படிப்பேன் என்று நம்ப வேண்டாம். கடைசி லெக்சருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நூலகத்தில் இருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவது மேல். பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் இதை முடிவெடுக்க வேண்டும், இருட்டினபிறகு எல்லா ஊருக்கும் பஸ் கிடையாது.

ரியூசன் கொடுத்துச் செலவைப் பார்க்கிறவர்கள் பலர். நல்லதுதான். கிழமைக்கு இரண்டு பின்னேரமும் சனிக்கிழமை காலையும் என்று எல்லை போடுங்கள். உங்களிடம் படிக்கிற பிள்ளையின் சோதனைத் திகதியை உங்கள் 15 வாரத் தாளில் ஏற்றிப் பார்த்தபிறகு ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தால் தோற்பது உங்கள் சோதனைதான், ஏனென்றால் காசு வாங்கிய வேலையை விட மனம் வராது.

குப்பியும் பகிடிவதையும்

குப்பி, அதாவது தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இருக்கும் கூட்டம், நாலைந்து பேருக்குள் நடந்தால் பயன். பதினைந்து பேர் என்றால் கதை. சோதனைக்கு முதல்நாள் இரவுக் குப்பியை மட்டும் நம்புகிறவர், சொல்கிறவர் விளங்கிக்கொண்ட பிழையையும் சேர்த்தே விளங்கிக்கொள்கிறார். ஒவ்வொரு கிழமையும் ஒரு பகுதியைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நீங்களே எடுங்கள். புதன்கிழமை நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும் என்றால் செவ்வாய் இரவு மனம் கேட்காமலே புத்தகம் திறக்கும். ரியூசன் காலத்துக் கயிற்றுக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை.

பகிடிவதையை, அதாவது சீனியர்கள் புதியவர்களை வதைக்கும் ராகிங்கை, "இது இல்லாட்டி சீனியர் நோட்ஸ் தரமாட்டினம்" என்று சொல்லிப் பொறுக்கச் சொல்வார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். இரவிரவாக நித்திரையைக் கெடுக்கிற எதுவும் உங்கள் முதல் செமஸ்டரையும் கெடுக்கும். நடந்தது, திகதி, இடம் மூன்றையும் எழுதி வைத்துக்கொண்டு மாணவர் ஆலோசகரிடம் போங்கள். நோட்ஸ் வேறு வழியிலும் கிடைக்கும்.

கிடைத்தது விரும்பியது இல்லையென்றால்

ஒரு புள்ளியில் மருத்துவம் தவறி வேறு பாடத்துக்கு வந்தவர், வீட்டார் சொல்லி வந்தவர், மாவட்ட வெட்டுப்புள்ளி தள்ளிக்கொண்டு வந்து விட்டவர் என்று எல்லாப் பட்சிலும் உண்டு. இவர்கள் செய்யும் பெரிய பிழை, விடவும் மாட்டார்கள், படிக்கவும் மாட்டார்கள். வரவு 80க்குக் கீழே இறங்கும்போதுதான் விழிப்பார்கள். ஆறு வாரம் என்று ஒரு தவணை வையுங்கள். அந்த ஆறு வாரமும் முழு வரவு, ஒவ்வொரு நாளும் அந்த இருபது நிமிடம். ஆறாவது வார முடிவில் எந்த இரண்டு பாடத்துக்குத் தாள் நிரம்பியது, எது வெறுமையாகக் கிடக்கிறது என்று பாருங்கள். பிறகு எந்தச் சிறப்புத் துறைக்குப் போவது, மாறுவதா என்று மாணவர் ஆலோசகரோடு கதைக்கலாம். மாறும் விதிகள் இறுக்கமானவை, அவை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கின்றன. சீனியர் வாயால் கேட்டதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, பிடித்த விளையாட்டில்கூட மனம் போகவில்லை என்றால் நேரசூசியால் சரிவராது. அது வருத்தம், வைத்தியரிடம் காட்ட வேண்டும். பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குப் போகலாம், தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

முதல் றிசல்ட் வந்தபிறகு

ஏ.எல்.இல் மூன்று ஏ எடுத்தவருக்கு முதல் செமஸ்டரில் சி வருவது புதினமல்ல. உடைந்துபோகமுன் கணக்கைப் பாருங்கள். ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி பிளஸ் 3.3, பி 3.0, சி பிளஸ் 2.3, சி 2.0. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரித்தால் ஜீ.பி.ஏ., அதாவது சராசரித் தரப்புள்ளி.

முதல் செமஸ்டரில் 2.50 வந்துவிட்டது என்று வைப்போம். எட்டுச் செமஸ்டர், எல்லாவற்றிலும் ஒரே கிரெடிட் என்றால், முடிவில் மொத்த ஜீ.பி.ஏ. 3.30 எடுக்க மிச்சம் ஏழிலும் சராசரி 3.41 வேண்டும். பி பிளஸுக்குக் கொஞ்சம் மேலே, எட்டக்கூடியது. 3.70 எடுக்க 3.87 வேண்டும், அது மலை. சில பீடங்களில் முதல் வருடப் புள்ளிக்கு நிறை வேறுவிதம், உங்கள் கைநூலின்படி எண்ணை மாற்றிப் போடுங்கள்.

தவறிய பாடத்தை மீள எழுதும்போது எவ்வளவு நல்லாய்ச் செய்தாலும் பெரும்பாலும் சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள். அதனால் ஐந்து பாடத்துக்கும் நேரம் போதாத கடைசி வாரத்தில், ஏ எடுக்கக்கூடிய பாடத்தை மெருகூட்டுவதைவிட விழப்போகிற பாடத்தைத் தாங்கிப் பிடிப்பது லாபம். மீளத் தோற்றும் விண்ணப்பம் திறக்கும் திகதியை, றிசல்ட் பார்த்த அன்றே அடுத்த செமஸ்டரின் 15 வாரத் தாளில் எழுதிவிடுங்கள். பாடம் தெரிந்தும் விண்ணப்பத்தைத் தவறவிட்டு ஒரு வருடம் காத்திருப்பவர்கள் ஒவ்வொரு பட்சிலும் இரண்டு பேராவது இருப்பார்கள்.